ஸ்டோர் பூனையின் தெள்ளுப்பூச்சி

என் பேத்தி பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து வாங்கி வந்தால், பிரிப்பதற்கு முன் அதை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தில் உள்ளதை மூன்று முறை படிப்பேன். பூனைக்கானதா, நாய்க்கானதா? எத்தனை கிலோ எடைக்கு? நாக்கு எட்டாத பிடரியில்தான் விட வேண்டும் என்று போட்டிருக்கிறார்களா? "தாத்தா, மேலேயே பூனைப் படம் போட்டிருக்கு லா, இன்னும் என்ன?" என்று அலுத்துக்கொள்வாள். படத்தை நான் நம்புவதில்லை. எனக்குப் பயமெல்லாம் பூனையின் நாக்கைப் பற்றித்தான். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் ஒரு பூனை என் கையால் செத்துப்போக இருந்தது. அதிலிருந்து வந்த பயம் இது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுங்கைப் பட்டாணிக்கும் ஜெராய் மலைக்கும் இடையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பால் வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கையெழுத்தும் எண்களும் சுத்தமாக இருக்கும் என்பதால் என்னைப் பங்கீட்டு அரிசி ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அறுபத்தெட்டுக் குடும்பங்களுக்கும் அங்கிருந்துதான் அரிசி போக வேண்டும்.

எலி ஒரு மூட்டையைக் கடித்துவிட்டால் சிந்திய அரிசிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படிப் பதில் சொல்ல முடியாமல், சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்றிப் போன லாரியில் ஏற்றப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. அதனால் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை எங்கிருந்தோ வந்து ஸ்டோரில் குடியேறியபோது எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஏழு வாரத்தில் அது இருபத்தாறு எலி பிடித்தது. அதுகூட வாசலில் கொண்டுவந்து போட்டவை மட்டும்தான். மூட்டைக்குப் பின்னால் தின்று முடித்தவற்றை நான் எப்படி எண்ணுவது?

பூனையோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது. முதலில் என் கணுக்காலில் நாலைந்து தடிப்பு. பிறகு அரிசி வாங்க வரும் பெண்கள் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சொறிய ஆரம்பித்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பசிக்கு முன்னால் சொறி ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மூட்டை எண்ண வரும் ஜப்பானிய அதிகாரிக்கு அப்படி இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. ஒரு நாள் எண்ணிக்கொண்டே இருந்தவர் திடீரென்று குனிந்து காலுறையைக் கீழே உருட்டினார். வெள்ளைத் தோலில் சிவப்பாக ஆறு புள்ளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாவதைக் கடித்த பூச்சி எகிறிப் போனது. அவர் மூட்டைமேல் படுத்திருந்த பூனையைப் பார்த்தார். அது பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. என் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. பிறகு பத்து விரல்களையும் விரித்து, தனக்குத் தெரிந்த மலாயில், "செப்புலோ ஹாரி" என்றார். பத்து நாள். பூனையைக் காட்டி, "மாத்தி" என்று கழுத்தில் விரலை இழுத்தார். அடுத்த முறை வரும்போது பூச்சி கடித்தால் பூனை செத்தது.

பூனை போனால் எலி வரும். எலி வந்தால் லாரி வரும். அன்று பகல் முழுவதும் என் மனம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மண்டோர் வந்தார். வேலைக்காரர்களை மேய்க்கிறவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எதற்கும் கவலைப்படாதவர்.

"என்ன கிராணியாரே, பூச்சிக்குப் போயி மூஞ்சிய இப்புடித் தொங்கப் போட்டிருக்கீங்க? துபா வேரு எதுக்கு இருக்கு? இடிச்சுப் புழிஞ்சு ஊத்துங்க. ஒரு பூச்சி மிஞ்சாது."

துபா என்பது காட்டோரம் படரும் கொடி. அதன் வேரை இடித்து ஓடையில் கலக்கினால் தண்ணீர் பால் போலாகும். மீன்கள் மயங்கி மிதக்கும். அரிசி குறைந்த அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த மீனெல்லாம் அப்படிப் பிடித்ததுதான்.

"அது விஷமாச்சே அண்ணே."

"யாருக்கு விஷம்? மீனுக்கு! போன வாரம் துபா கலக்கிப் புடிச்ச கெளுத்திய நீங்க ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னீங்க. செத்தா போனீங்க?"

"மூணு துண்டு."

"பாத்தீங்களா! மூணு துண்டு தின்னுப்புட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. பூனைக்கு வெளியில பூசுறதுல என்ன வந்துரப் போகுது?"

எனக்கு அது சரியான நியாயமாகப் பட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். துபா மீன் தின்று வளராத பிள்ளை அங்கே யார்?

அவரே வேரை இடித்துக் கொண்டுவந்தார். நான் பூனையின் பிடரியைப் பிடித்துக்கொள்ள, அவர் வெள்ளைச் சாற்றை முதுகிலும் வயிற்றிலும் ஊற்றித் தேய்த்தார். என் புறங்கையில் ஐந்து கீறல். "கழுவாதீங்க. அப்புடியே காயணும், அப்பத்தான் வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விட்டார். பூனையை ஒரு வெள்ளைத் துண்டில் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பூச்சிகள் உதிரத் தொடங்கின. எண்ணினேன். முப்பத்தேழு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பூனை தன்னை நக்க ஆரம்பித்தது. தோள், விலா, தொடை என்று ஈரமாக இருந்த இடத்தையெல்லாம் ஒழுங்காக நக்கியது. நான் அதையும் எண்ணினேன். நாக்கு ஒரு முறை போய் வந்தால் ஒன்று என்று நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். எண்ணிக்கொண்டு இருந்தேனே தவிர தடுக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் அது நிறுத்தி, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. எச்சில் கயிறாக ஒழுகியது. பிறகு வாந்தி. பின்னங்கால்கள் நடுங்கி மடிந்தன.

துண்டோடு அதை வாரிக்கொண்டு ஓடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரெஸர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வேறு யாரைத் தெரியும்? கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே இருந்த அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். வாய் நீளம், ஆனால் எந்தப் பிள்ளை எதை விழுங்கினாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"என்னத்தத் தடவுனீங்க?"

சொன்னேன். மீன் நியாயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அட கடவுளே, படிச்ச ஆளா நீங்க? மீனை நாம கொடலை எடுத்து, மூணு தண்ணி அலசி, வேக வச்சுத் திங்கிறோம். வேரையா திங்கிறோம்? இது வேரையே நக்கித் தின்னுருக்கு. பூனை நக்கும்னு தெரியாதா? பூனைக்கு வேற குளியல் ஏது?"

நான் அழுதுகொண்டே பூனையின் எச்சிலைத் துடைத்தேன்.

"மொதல்ல ஒடம்புல மிச்சம் இருக்கிறத எடுக்கணும். நின்னுக்கிட்டே அழுவாம அந்தச் சவுக்காரத்தை எடுங்க."

செம்பனை எண்ணெயும் சாம்பல் நீரும் காய்ச்சிச் செய்த சவுக்காரம் அது. குழந்தைகளுக்கு வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு முறை பூனையைக் கழுவினோம். கண்ணிலும் வாயிலும் நுரை போகாமல் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பழைய சேலைத் துண்டில், தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி என் மடியில் வைத்தார்.

"மயிரு காயிற வரைக்கும் அவுக்காதீங்க. நாக்கு ஒடம்புல படக் கூடாது. வாயில எதையும் ஊத்திராதீங்க, பொரை ஏறிடும். பொழைச்சா ஒங்க அதிர்ஷ்டம்."

மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை சில சமயம் தவறியது, அது பூனை மூச்சா என் மூச்சா என்று தெரியாமல். மறுநாள் பிற்பகல்தான் பூனை எழுந்தது. நாலு அடி நடந்து விழுந்தது. மூன்றாம் நாள் கருவாட்டுத் தலை ஒன்றைக் கடித்தது. மண்டோர் எட்டிப் பார்த்து, "நான் என்ன கண்டேன் கிராணியாரே" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் அல்ல.

ஐந்து நாள் போயிருந்தது. பூனை பிழைத்தது, பூச்சியும் இருந்தது. யாரோ மண்ணெண்ணெய் தடவச் சொன்னார்கள். அதையும் அது நக்கும் என்று மறுத்துவிட்டேன். அக்காவிடமே திரும்பப் போய், பிள்ளைகளின் தலை வாரும் பேன் சீப்பு ஒன்று இரவல் கேட்டேன்.

"பூனைக்கு வாரிப் பின்னிப் பூ வைக்கப் போறீங்களா? பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று சிரித்தார். பிறகு தானே வந்து காட்டினார். வாலடியிலும் கழுத்தைச் சுற்றியும்தான் பூச்சி தங்கும். அங்கே மெதுவாக வார வேண்டும். சீப்பில் வந்ததை உடனே சவுக்காரத் தண்ணீரில் முக்க வேண்டும், வெறும் தண்ணீரில் போட்டால் நீந்தித் தப்பிவிடும்.

முதல் வாரலில் நாற்பத்து மூன்று. மறுநாள் காலை முப்பத்தெட்டு. அன்று மாலை நாற்பது! எடுக்க எடுக்க எப்படி ஏறும்?

"எங்க படுக்குது?" என்றார் அக்கா.

"சாக்கு மேலே."

"பிள்ளை தலைய வாரிட்டு அதே அழுக்குத் தலகாணியில படுக்கப் போட்டா பேன் போகுமா?"

ஸ்டோருக்கு வந்து, வெள்ளை வேட்டியைக் கணுக்கால் வரை விட்டு, வெற்றுச் சாக்குகள் கிடந்த மூலையில் நின்று முந்நூறு வரை எண்ணினேன். குனிந்து பார்த்தால் வேட்டியில் கறுப்பாகப் பத்தொன்பது பூச்சி. பூனைமேல் இருந்தது கொஞ்சம்தான். கூட்டம் முழுவதும் தரையில் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. அறுபத்து நான்கு வெற்றுச் சாக்குகளையும் வெளியே இழுத்து உதறி, ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தின் தகரக் கூரைமேல் உச்சி வெயிலில் விரித்தேன். அரிசி மூட்டைகளைச் சுவரிலிருந்து நகர்த்தி, பலகை இடுக்குகளில் இருந்த தூசியை ஈர்க்குச்சியால் கிளறிக் கூட்டி எரித்தேன். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றினேன். பூனை படுக்க ஒரே ஒரு துணி. அதைத் தினமும் கொதிக்க வைத்தேன். காலையும் மாலையும் சீப்பு. வேட்டிச் சோதனையில் பத்தொன்பது பதினொன்றானது, பிறகு ஆறு, ஒன்பதாம் நாள் இரண்டு. அந்த இரண்டு என்னைத் தின்றது. கடிப்பதற்கு ஒன்று போதாதா?

பத்தாம் நாள் காலை அதிகாரி வந்தார். பூனையைக் கூடையில் மூடி வைக்க நினைத்திருந்தேன். அது அதற்குள் மூட்டைமேல் ஏறிவிட்டது. அவர் மூட்டை மூட்டையாக எண்ணிக்கொண்டு போனார். நான் அவர் காலுறைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைசி மூட்டையில் நின்று, குனிந்து, வலக்காலுறையை உருட்டினார். பிறகு இடக்காலுறை. ஒரு புள்ளியும் இல்லை. விரலால் பூனையின் முதுகு மயிரைப் பிரித்துப் பார்த்தார். பூனை கொட்டாவி விட்டது.

அவர் தம் சட்டைப் பையிலிருந்து ஸ்டோர் சாமான் பட்டியலை எடுத்தார். தராசு ஒன்று, எடைக்கல் ஆறு, சுத்தி ஒன்று, தார்ப்பாய் இரண்டு. அதற்குக் கீழே ஏதோ ஒரு வரி எழுதி, "குச்சிங். சாத்து" என்றார். பூனை, ஒன்று. பென்சிலை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மண்டோர் வெளியே வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி போன பிறகு, "பூனை இப்ப சர்க்கார் சொத்து! இனிமே யாரும் அதைத் தொட முடியாது. சந்தோஷமா இருங்க கிராணியாரே" என்று முதுகில் தட்டினார்.

சந்தோஷமா? தராசு ஸ்டோரை விட்டு எங்கும் போகாது. எடைக்கல் வேலி தாண்டாது. பூனை தாண்டிப் போய்த் தொலைந்தால் அதற்கும் இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பூனையைக் காணவில்லை. லயத்தைச் சுற்றி, ஓடைக்கரை வரை ஓடி, வியர்த்து வழிய ஆயாக் கொட்டகையில் போய் நின்றேன். அங்கே ஒரு தொட்டிலுக்கு அடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீப்பை எடுத்தேன்.