அத்தை வைத்த இரண்டெழுத்து

தம்பிக்குக் கல்யாணமாகி ஏழாம் வருஷம் பெண் பிறந்தது. எங்கள் குடும்பத்தில் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. அத்தை என்று இருப்பது நான் ஒருத்திதான். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தம்பி சொல்லிவிட்டான்.

"அக்கா, சின்ன பேரா இருக்கணும். ரெண்டே எழுத்து. ஸ்கூல்ல இன்னொரு பொண்ணுக்கு அந்தப் பேர் இருக்கக் கூடாது. உங்கிட்ட விட்டா தப்பாவாது."

அவன் அப்படி நம்பியதற்குக் காரணம் உண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருபத்திரண்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறேன். எந்த மாடலுக்கு எந்தத் தோல், எந்த நூல் என்று யார் கேட்டாலும் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். வீட்டிலும் டைரி உண்டு. மழை பெய்தது, காஸ் வந்தது, இன்னாருக்குக் காய்ச்சல் என்று எதையும் விடுவதில்லை.

பெயருக்கென்று தனி நோட்டுப் போட்டேன். தோன்றியதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயர் ஒன்றுவிட்ட பெரியம்மா மகளுக்கு ஏற்கெனவே இருந்தது. ஒன்று சம்பந்தி வீட்டு நாயின் பெயர். இன்னொன்றைக் கேட்டு எதிர் வீட்டு பாய் சம்சாரம், "இது டூத் பேஸ்ட் மாதிரி கீது, வாணாம்மா" என்றார்.

பதின்மூன்றாம் நாள் காலை, கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டும்போது ஒரு பெயர் தானாக வந்தது. எப்போதோ பழகிய பெயர் போல இருந்தது. நல்ல பெயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விசாரிக்காமல் விடவில்லை. உறவில் யாருக்கும் இல்லை. தெருவில் இல்லை. தெலுங்கிலும் உருதுவிலும் கெட்ட அர்த்தம் எதுவும் இல்லை. நோட்டில் அதன் பக்கத்தில் மட்டும் டிக் போட்டேன்.

பதினாறாம் நாள், வெற்றிலையால் மறைத்துக்கொண்டு குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னேன். தம்பி சத்தமாகச் சிரித்தான். அவன் மனைவி தலையைக் குனிந்து குழந்தையின் துணியைச் சரி செய்தாள். 'அவளுக்குக் கூச்சம்' என்று அன்றைய டைரியில் இருக்கிறது.

தம்பி மறுநாளே நகராட்சியில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். அப்படியே பைக்கின் பின்னாலும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக்கொண்டான்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, பழைய லேடீஸ் செருப்பு ஒன்றுக்கு மறுபடி ஆர்டர் வந்தது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் வந்து சாம்பிளை எடுத்துத் தரச் சொன்னாள். மேல் தட்டில் இருந்தது. ஸ்டூலில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். பக்கவாட்டு லேபிளில் என் கையெழுத்தில் அந்த இரண்டெழுத்து இருந்தது.

லேடீஸ் மாடல்களுக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் பெண் பெயர்தான் வைப்பார்கள். எல்லாம் குட்டிக் குட்டிப் பெயர்கள். இந்தப் பையர் அதோடு நிறுத்தாமல் செருப்புக்குள்ளேயும் அச்சடிக்கச் சொல்கிறவர். திறந்து பார்த்தேன். குதிகால் பதிகிற இடத்தில் பொன்னிற எழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெயரை எத்தனை லேபிளில் எழுதியிருப்பேனோ. ஊரெல்லாம் விசாரித்த நான் என் அலமாரியை விசாரிக்கவில்லை.

"இந்த அச்சு இல்லாம அனுப்ப முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"பையர் கேக்குறதே அதான்க்கா. ஏன், உங்களுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

தம்பி மனைவிக்கும் இதே கம்பெனிதான். பேக்கிங் செக்‌ஷன். பிரசவ லீவு அடுத்த மாதம் முடிகிறது. காலண்டர் தாளில் கால் பட்டால்கூடக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள். ஆர்டர் ஓடும் நாட்களையும் அவள் திரும்பி வரும் நாளையும் தாளில் எழுதிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தம்பி கறி வாங்கப் போயிருந்தான். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் பேக்கிங்ல ஒரு பழைய ஆர்டர் ஓடும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணி. லைன்ல இருக்கிறதுங்க போன் பண்ணி சொல்லிடுச்சுங்க. 'உம் பொண்ண நாங்க ஜோடி ஜோடியா பொட்டியில போடப் போறோம்'னு ஒரே கிண்டல்."

"சத்தியமா எனக்கு ஞாபகம் வர்லம்மா."

"எனக்கு அன்னிக்கே வந்துச்சு. நீங்க வாய்விட்டு சொன்ன உடனே. போன தடவ அதுக்கு டிஷ்யூ பேப்பர் சுத்தினது நான்தான?"

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க காதுல சொல்லி முடிச்சிட்டீங்க. அவரும் சிரிச்சிட்டாரு. இந்த ஏழு வருஷத்துல அவரு அப்படி சிரிச்சு நான் பார்த்ததில்ல அண்ணி. அப்புறம் எப்படி சொல்றது?"

இத்தனை மாதத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாப்பா, குட்டி, தங்கம் என்றுதான் கூப்பிடுவாள். டைரியைப் புரட்டினால் அதுவும் இருக்கும். எழுதியவள் நான்தான்.

"மாத்திடலாமா?" என்றேன்.

"மாத்தலாம். அவருகிட்ட நீங்க சொல்றீங்களா?"

நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு துணியை எடுத்து உதறினாள்.

வாசலில் பைக் நின்றது. தம்பி செருப்பைக் கழற்றும்போதே குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பாயில் மல்லாந்து கையைச் சூப்பிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று வாசல் பக்கம் தலையைத் திருப்பியது.

"பார்த்தியாக்கா," என்றான் தம்பி. "இப்பல்லாம் பேர் சொன்னா திரும்புது."

"ஆமாண்டா," என்றேன்.