போகாமல் நின்ற ராஜினாமா

கொழும்பில் ஏழு வருடம் மென்பொருள் பொறியாளராக இருந்து அலுத்துப்போன நான், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் வீட்டிலிருந்து ராஜினாமாக் கடிதத்தைப் போனில் அனுப்பினேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சிக்னல் இல்லாததால் அது போகாமல் நின்றது.

மறுநாள் மழை. கொழுந்தை நிறுத்து, எடையைச் செயலியில் பதியும் மதினி, ஈர விரலால் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பதியவே இல்லை.

"இத செஞ்ச ஆளு ஒரு நாளாவது மழையில நனைஞ்சிருக்க மாட்டாரு தம்பி!"

"அந்த ஆளு நான்தான் மதினி."

கூடையோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். என் செயலியை ஒருவர் பயன்படுத்துவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்!

கொழும்புக்குத் திரும்பும்போது, சிக்னல் கிடைக்கும் மேட்டைப் பஸ் எட்டுவதற்குள் கடிதத்தை அழித்துவிட்டேன். தோட்டங்களுக்கு நேரில் போய்ச் செயலிகளைச் சோதிக்கும் வேலையை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது எந்தச் செயலியையும் கையை நனைத்துக்கொண்டுதான் முதலில் தொடுகிறேன்.