உழைக்காத கை

நான் பத்திரம் எழுதுகிறவன். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் முப்பது வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கிப் பிழைத்ததில்லை. ஆனால் என் உள்ளங்கையைப் பார்த்தால் மூட்டை தூக்குகிற ஆள் என்றுதான் நினைப்பீர்கள். மஞ்சள் பாரித்துத் தடித்து, மணிக்கட்டில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிடும். பனி மாதத்தில் வெடிக்கும். உள்ளங்காலும் அப்படித்தான்.

திருநீர்மலைப் பக்கம் கடைசித் துண்டு நிலத்தை விற்க வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஒழைச்ச கை சார் இது. என் கை மாரியே கீது," என்றார். ஏர் பிடித்த மனிதர். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தலையாட்டி வைத்தேன். பதிவு அலுவலக மெஷின் அவர் ரேகையை இரண்டாவது தடவையே எடுத்துக்கொண்டது. என் ரேகையை எந்த மெஷினும் ஒழுங்காக எடுத்ததில்லை. ரேஷன் கடையில் எனக்காகக் கண்ணைப் படம் பிடிக்கும் கருவியைத் தேடுவார்கள், வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எல்லாம் அலுத்துவிட்டது.

என் அப்பாவுக்கும் இதே கைதான். "வளந்தா போயிடும்" என்று சொல்லியே என்னை வளர்த்தார். அவருக்கே போகவில்லை என்பது உறைக்க எனக்குப் பத்து வயதாயிற்று. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன கிழித்தேன்? என் மகள் பிறந்த ஏழாம் மாதத்தில் அவள் கை சொரசொரத்தது. "உங்க கை மாதிரி ஆயிடுமா?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்ல, சூடு" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். அதனால் எண்ணெய், பத்தியம், வேண்டுதல் என்று எட்டு வருஷம் வீணாக அலைந்தோம். மலைமேல் பெருமாளுக்கு மகளின் முடியைக் கொடுத்தோம். அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனோம்.

"முடி, நகம், மாட்டுக்கொம்பு எல்லாம் கெரட்டின்தான் சார்," என்றார் டாக்டர். "தோல் செல்லுக்குள்ளயும் அது கயிறு மாதிரி ஓடுது. ஒரசல்ல செல் கிழியாம புடிச்சிக்கிறது அதுதான். அதுல பல வகை. உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும்னே ஒரு வகை இருக்கு. ஒங்க குடும்பத்துல அந்தக் கயிறு சரியா முறுக்கிக்கல. செல் ஒடையுது, ஒடம்பு மேல மேல தோலைப் போட்டு அடைக்கப் பாக்குது."

மரபணுவில் ஏதோ ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும் என்றார். "பிழைதிருத்தல் பத்திரம் போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். களிம்பு தடவலாம், வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டலாம், அவ்வளவுதான். பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருமாளுக்குக் கொடுத்த முடியும் கெரட்டின்தான் என்று வீடு திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

மகளுக்குப் பொழிச்சலூரில் இடம் பார்த்தபோது சம்பந்தியம்மாள் அவள் கையைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "சின்ன வயசு அலர்ஜிங்க" என்றேன். மாப்பிள்ளைக்கு உண்மையை மகளே சொல்லிவிட்டாள். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சம்பந்தியம்மாளுக்குத் தெரிந்தபோது, "மறைச்சுக் கட்டி வச்சிட்டாங்க" என்று மகளிடம் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வாங்க வேண்டிய பேச்சை என் மகள் வாங்கினாள்.

பிரசவத்துக்கு இரும்புலியூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்தாள். ஏழாம் மாதம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் காலை, மனைவி அடுப்படியில் பேத்திக்கான மருந்துச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மகள் குழந்தையை என் மடியில் போட்டாள்.

"கைய பாத்துச் சொல்லுப்பா."

"அம்மாவக் கேளேன்."

"அம்மா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும். எனக்குப் பாத்தா தெரியல, தொட்டாலும் தெரியல. நீதான் ஒருவாட்டி பாத்திருக்க. எங்க அத்தை கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

குழந்தையின் கையை விரித்துக் கட்டை விரலால் தடவினேன். என் தோலுக்கு ஒன்றும் எட்டவில்லை. உறை மாட்டிக்கொண்டு தொடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை, அப்போதுதான் சவரம் செய்திருந்தேன்.

கையின் நடுவில் வெண்ணெய். மணிக்கட்டை ஒட்டி மட்டும் கஞ்சி போட்டுக் காய்ந்த துணியின் ஓரம் மாதிரி லேசாகச் சொரசொரத்தது. அந்த இடம் எனக்குத் தெரியும். அதே இடத்தை அதே மாதத்தில் இதே கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒண்ணுமில்லம்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"வந்திருக்கும்மா," என்றேன்.

மகள் அழவில்லை. குழந்தையின் இன்னொரு கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இப்டித்தான் பாத்தியா?"

"ஆமா."

"அப்ப அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குப் பொழிச்சலூருக்கு நீயும் வா," என்றாள். "எங்க அத்தைகிட்ட இந்தவாட்டி நீ சொல்லு."