வெண்கலம் வாய் மூடிய நண்பகல்

எங்கள் தேவாலயக் கோபுரத்தில் மணி இல்லை. மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்மணி இருந்தார். இதனைச் சிலேடை என்று கருதிச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் உள்ளதைத்தான் உரைக்கிறேன்.

பெரும்போர் தொடங்கியபோது அரசு அதிகாரிகள் வண்டியோடு வந்து, கோபுரத்து மணியை இறக்கிக்கொண்டு போனார்கள். பீரங்கி வார்ப்பதற்கு உலோகம் போதவில்லை என்றும், போர் முடிந்ததும் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். சொன்ன சொல்லை அவர்கள் மீறியதாகக் கூற முடியாது. போர் முடிந்த சில மாதங்களில் ஒரு பீரங்கி வந்து சேர்ந்தது. "வெண்கலமா எடுத்துட்டுப் போனோம், வெண்கலமாவே கொடுத்துட்டோம். கையெழுத்துப் போடுங்க" என்றார் உடன் வந்த அலுவலர். அந்தப் பீரங்கி இன்றும் தேவாலய முற்றத்தில் நிற்கிறது. பாடகர் குழுவினர் தம் வெள்ளை அங்கிகளைத் துவைத்து அதன் குழல்மீதுதான் உலர்த்துகிறார்கள்.

நான் எழுத வந்தது பீரங்கியைப் பற்றியன்று. எங்கள் ஊராரால் 'வெண்கலம்' என்று அழைக்கப்பட்ட அம்மையாரைப் பற்றியே.

அவர் துணி ஆலையில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தறிகள் ஓடும்போது அடுத்தவர் காதருகே வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு சொல் விளங்காது. வெண்கலமோ கூடத்தின் ஒரு மூலையில் நின்றபடி, "நாலாவது தறியில நூல் அறுந்திருக்கு, தூங்கிட்டா இருக்கே?" என்று கேட்டால், நான்காம் தறிக்காரி மட்டுமல்லாமல் அலுவலகத்தில் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்த கணக்கரும் எழுந்து உட்காருவார். இந்தக் குரல் பிறவியிலேயே வந்தது. சிறுமியாக இருந்தபோது கண்ணாமூச்சி விளையாட்டில் அவரை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. அவர் மூச்சு விடுவதே கேட்டுவிடும். எவரும் அவரிடம் இரகசியம் சொன்னதில்லை. சொன்னால், மறுமொழியாக அவர் "அப்படியா!" என்று வியந்தாலே போதும், தெரு முழுவதும் சன்னலைத் திறந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவர் ஒருவர் வாய்க்கே இல்லை.

போர் முடிந்த செய்தி முதலில் ஆலைக்குத்தான் தொலைபேசியில் வந்தது. மணியடித்து அறிவிக்கலாமென்றால் மணி இல்லை. மேலாளர் சற்று யோசித்துவிட்டு, "நீ போய்ச் சொல்லிடும்மா" என்றார். வெண்கலம் தறியை நிறுத்தினார்; கோபுரத்தில் ஏறினார்; வெறும் மரச்சட்டம் தொங்கிய அந்தச் சாளரத்தின் வழியே தலையை நீட்டி, "போர் முடிஞ்சிருச்சு! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கூவினார். எங்கள் ஊரார் வெளியே வந்தார்கள். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊராரும் வந்தார்கள். அன்றுமுதல் ஆண்டுதோறும் அந்த நாளில் நண்பகல் வழிபாட்டின்போது வெண்கலம் கோபுரமேறிக் கூவுவது தேவாலய வழக்கமாயிற்று.

இனி அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்த்தவர். போரில் பீரங்கிப் படையில் இருந்தார். போரின் கடைசி வாரத்தில் அவருடைய காதுகள் இரண்டும் போயின. தாம் இயக்கிய பீரங்கி எங்கள் தேவாலய மணியை உருக்கி வார்த்ததுதான் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. "ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஞாயித்துக்கிழமை மாதிரியே இருந்துச்சு" என்பார். படை மருத்துவமனையில் அவர் கிடந்தபோது மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஏன் அழுதார்கள் என்பதை எவரும் அவருக்கு உணர்த்தவில்லை. ஓராண்டு ஓய்வு என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆகவே, தாம் விடுப்பில் வந்திருப்பதாகவே அவர் எண்ணினார்.

விடுப்பு முடிந்த அன்று அவர் சவரக்கத்தி, தகரத்தட்டு, கம்பளிக் காலுறை, இரண்டு ரொட்டி ஆகியவற்றைப் பையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் பிரார்த்தனை செய்வதற்காகத் தேவாலயத்தில் நுழைந்தார். அதுதான் முதலாம் ஆண்டு நினைவு நாள். கோபுரத்திலிருந்து மனைவியின் குரல் இறங்கியது. ஓராண்டுக்குப் பின் அவர் தெளிவாகக் கேட்ட முதல் ஒலி அது. பையை அங்கேயே அவிழ்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

ஆனால், அடுத்த ஆண்டும் அதே நாளில் பையைக் கட்டினார். "போன வருஷப் போர் போன வருஷம் முடிஞ்சுது. இந்த வருஷத்துக்கு யார் சொன்னா?" என்றார். வீட்டில் மனைவி சொல்வதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. "நீ அடுப்படியில சொன்னா அது குடும்ப விஷயம். கோபுரத்துல சொன்னாத்தான் அரசாங்க விஷயம்" என்பது அவர் வகுத்த விதி. இவ்வாறு ஆண்டுதோறும் அவர் போருக்குக் கிளம்புவதும், கோபுரத்துக் குரல் கேட்டுப் பையை அவிழ்ப்பதும் தவறாமல் நடந்துவந்தன. ஊரார் அவரைப் 'பீரங்கியார்' என்றார்கள்.

இருபத்தைந்தாம் ஆண்டு வந்தது. அமைதியின் நினைவாக முற்றத்தில் ஒரு கல் நாட்டுவதென்றும், பேராயரை அழைத்துத் திறப்பதென்றும் சபைக் குழு தீர்மானித்தது. கல்லுக்குச் சொல்லிவைக்கும் பொறுப்பைச் செயலர் ஏற்றார். அவர் நகர நூலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பவர். அவர் கல்தச்சரிடம், "அமைதி பத்தி ஒரு வரி வேணும். நீங்க வழக்கமாப் போடுற மாதிரியே நல்லாப் பெரிசா வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கல் வந்தது. திரையை விலக்கிப் பார்த்தோம்.

'இவ்விடத்தில் அமைதி காக்கவும்.'

அதன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், 'நிர்வாகம்' என்றிருந்தது.

எங்கள் தேவாலய ஆயர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க இது?"

"ஏன் ஐயா? ஆஸ்பத்திரிக்கு இதான் வெட்டினேன், கோர்ட்டுக்கு இதான் வெட்டினேன். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்றார் கல்தச்சர்.

"நாம கேட்டது சமாதானம்ங்க. இது சத்தம் போடாதேங்குது."

"சமாதானம்னு செயலர் சொல்லலியே. அமைதின்னார். அமைதி இருக்கு, பாருங்க. ஐகாரம் எவ்வளவு அழகா விழுந்திருக்கு!"

செயலர் கல்லைச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்வு தெரியவில்லை; நெடுநாள் காத்திருந்த ஒன்று கைகூடிய நிறைவே தெரிந்தது. "எழுத்துல பிழை இருக்கா? சாரைக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் தமிழாசிரியனான என்னை நோக்கினார்கள். எழுத்துப்பிழை இல்லை என்றும், 'அமைதி' என்னும் சொல்லுக்குப் போரின்மை, ஒலியின்மை ஆகிய இரு பொருளும் உண்டு என்றும், 'காப்போம்' என்றிருந்தால் நம் அனைவரையும் உளப்படுத்திய உறுதிமொழியாகும், 'காக்கவும்' என்பதோ பிறரை ஏவுவது என்றும் முறையாக விளக்கினேன். செயலர் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? ஏவல்னு சாரே சொல்லிட்டார். கல்மேல் எழுத்துங்க, மாத்த முடியாது. விழாவை அமைதியாவே நடத்திடுவோம்."

வேறு கல் வாங்க நாளில்லை. பேராயரின் வருகையைத் தள்ளிப்போடவும் இயலவில்லை. ஆகவே, பாட்டில்லை, உரை இல்லை, கோபுரத்துக் கூவல் இல்லை என்று முடிவாயிற்று. வெண்கலத்திடம் சொல்வதற்குச் செயலர் என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார்.

அவருடைய வீடு ஆலைக்குப் பின்புறம். ஒரே அறையைத் துணித்திரை கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். போர்க்காலத்தில் குண்டதிர்ச்சியில் சிதறாதிருக்கச் சன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய குறுக்குத் தாள்கள் உரிக்கப்படாமல் இருந்தன. உரிக்கப் பீரங்கியார் விடவில்லை. கதவின் பின்னால் ஆணியில் அந்தப் பை தொங்கியது. வெண்கலம் எங்களை உட்காரச் சொன்னபோது அலமாரியிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"நான் கூவலேன்னா அவர் கிளம்பிருவாருங்க" என்றார், தம்மால் இயன்ற அளவு மெதுவாக.

"எங்கே?" என்றார் செயலர், காதைத் தேய்த்தபடி.

"போருக்கு."

"எந்தப் போருக்கும்மா?"

"அதே போருக்குத்தான்."

"அதுதான் முடிஞ்சுபோச்சே!"

"அதைத்தானே வருஷா வருஷம் நான் சொல்றேன்!"

செயலர் ஒரு தாளை எடுத்து, 'போர் முடிந்துவிட்டது' என்று எழுதிப் பீரங்கியாரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "தாள்ல எழுதினதை நம்பித்தானே தம்பி நாங்க முதல்ல போனோம்?"

செயலர் தளரவில்லை. "தாளை நம்ப மாட்டார், சரி. கல்லை நம்ப மாட்டாரா? பேராயர் திறந்து வைக்கிற கல்லு. இதைவிட அரசாங்க விஷயம் என்ன இருக்கு?" என்றார். வெண்கலம் கணவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தைந்து முறை படியேறிய முழங்கால்கள் அவருக்கு. கல்லொன்று நிலையாக நின்று அந்த வேலையைச் செய்துவிடுமானால், தமக்குப் பிறகும் கணவர் வீட்டிலேயே இருப்பார் என்று நினைத்திருக்கலாம். "சரிங்க. வாயைத் திறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். தெருவில் போனவர்கள் அனைவரும் அந்த வாக்குக்குச் சாட்சி.

விழா தொடங்கியது. பாடகர் குழுவினர் உலர்ந்த அங்கிகளை அணிந்து நின்று, ஒலியின்றி வாயை மட்டும் அசைத்தார்கள். முதன்முறையாக அவர்கள் சுருதி பிசகாமல் பாடினார்கள் என்று பின்னர் பலரும் பாராட்டினர். ஆயர் கைகளை விரித்தும் குவித்தும் அருளுரை நிகழ்த்தினார். ஒரு குழந்தை வீறிட்டபோது செயலர் எழுந்து, "அமைதி!" என்று அதட்டினார். அந்த விழாவில் அமைதியைப் பற்றி ஒலித்த ஒரே சொற்பொழிவு அதுவே.

நண்பகல். எல்லாரும் முற்றத்தில் கூடினோம். பேராயர் கயிற்றை இழுத்தார், திரை விழுந்தது. தோளில் பையோடு முன்வரிசையில் நின்ற பீரங்கியார் கல்லின் அருகே சென்று குனிந்து படித்தார். வெண்கலம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பீரங்கியார் ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார். பிறகு மெல்ல முதுகை வளைத்து, சுற்றிலும் உள்ள கூரைகளை ஆராய்ந்தார். காது கேளாதவராகையால் தம் கிசுகிசுப்பின் அளவு அவருக்குத் தெரியாது.

"அமைதி காக்கச் சொல்லியிருக்காங்க!" என்றார் பேராயரிடம். "அப்போ எதிரி ரொம்பப் பக்கத்துல வந்துட்டான். யாரும் விளக்கு ஏத்தாதீங்க. நிர்வாகமே கையெழுத்துப் போட்டிருக்கு!"

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். சற்று நேரம் காத்திருந்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. பேராயருக்கு ஒரு வணக்கம் வைத்தார். பையை இறுக்கிக்கொண்டு வாயிலை நோக்கி நடந்தார்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்கப்போவதில்லை. கையைப் பிடித்து நிறுத்தப்போன ஆயரை அவர் அன்போடு கட்டிப்பிடித்து, "நீங்க பயப்படாதீங்க ஐயா, நான் போறேன்ல?" என்று தேற்றிவிட்டுப் போனார். சபை முழுவதும் சத்தமின்றி அவர் பின்னே நடந்தது. இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதே என்றெண்ணிய பேராயர், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடன் வந்தார்.

வெண்கலம் என் தோளைப் பற்றினார். தலைப்பின் வழியே வந்த குரலுக்கே என் காது அடைத்தது. "சார், கல்லுல 'இவ்விடத்தில்'னு போட்டிருக்கே, இந்த இடம்னா எதுவரைக்கும்?"

"இகரம் அண்மைச் சுட்டு. கல் நிற்கும் வளாகம்வரை கொள்ளலாம்."

"கேட்டைத் தாண்டினா?"

"அது அவ்விடம்."

அவர் ஓடினார். ஆலையில் நின்று நின்று தேய்ந்த கால்களால் ஒருவர் அவ்வாறு ஓட முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

இரயில் நிலையத்தை நாங்கள் அடைந்தபோது பீரங்கியார் சீட்டு வழங்கும் சாளரத்தில் நின்றிருந்தார். "போர்முனைக்கு ஒண்ணு" என்றார். உள்ளே இருந்தவர் திகைத்து, போவதற்கு மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா என்று கையை முன்னும் பின்னும் ஆட்டிக் கேட்டார். பீரங்கியார் யோசித்தார். "திரும்பி வர்றது நம்ம கையிலயா இருக்கு? போறதுக்கு மட்டும் கொடுங்க."

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. நடைமேடையின் கோடியில் எஞ்சினுக்கு நீர் நிரப்பும் தொட்டி உயர்ந்த இரும்புக் கால்களில் நின்றது. வெண்கலம் அதன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். கோபுரம் இல்லாவிட்டாலும் அது அரசாங்கத் தொட்டி.

"போர் முடிஞ்சிருச்சு!"

காலையிலிருந்து அடக்கிவைத்த குரல் அது. தொட்டிக்குள் தண்ணீர் தளும்பியது. எஞ்சின் ஓட்டுநர் பிரேக்கை அழுத்திவிட்டார். பயணிகள் சன்னல்களில் தலையை நீட்டினார்கள். சிலர் இறங்கி முன்பின் அறியாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள். நிலைய அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, "எந்தப் போரு, அக்கா? எனக்குத் தகவலே வரலியே!" என்று கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன? முடிஞ்சிருச்சு, வெளிய வாங்க!"

பீரங்கியார் கையில் சீட்டோடு திரும்பி நின்றார். தலையைச் சற்றுச் சாய்த்து, அந்தக் குரலின் கடைசி அதிர்வு அடங்கும்வரை கேட்டார். பிறகு சாளரத்தின் பலகைமீதே பையை அவிழ்த்தார். சவரக்கத்தி, தகரத்தட்டு, கம்பளிக் காலுறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரொட்டியைப் பிய்த்து அருகில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பேராயருக்கு ஒரு துண்டும், செயலருக்கு ஒரு துண்டும் கொடுத்தார். செயலர் வாய் திறக்காமலே மென்றார்.

வெண்கலம் ஏணியிலிருந்து இறங்கி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கணவரின் அருகில் அமர்ந்தார். பீரங்கியார் மீதி ரொட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு, நிலையக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வருஷம் கொஞ்சம் லேட்டாத்தான் முடிஞ்சிருக்கு" என்றார்.