ஜாக்கிக்குப் பக்கத்துல ரெண்டு கட்டை

எங்க வூட்டுக்காரருக்கு என்னைவிட அந்த ஆயில் ஜாக்கி மேலதான் ஆசை ஜாஸ்தின்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்ச காலம் ஒண்ணு இருந்தது. பொய்யில்லை. பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெரு பூரா தறி. இவரும் தறிக்காரர் பிள்ளைதான். ஆனா தறியில உக்காந்தா அரை மணியில இடுப்பு வலிக்குதும்பாரு. காருக்கு அடியில நாள் பூரா படுத்துக் கெடந்தா மட்டும் ஒரு வலியும் வராது. கடைசியில ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி டாக்சி ஓட்ட ஆரம்பிச்சிட்டாரு.

ஜாக்கி அதுக்கப்புறம் வந்தது. மெட்ராஸ்ல ஏதோ ஒர்க்‌ஷாப்பை மூடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய் வாங்கிக்கினு வந்தாரு. தரையோட தரையா சின்னச் சக்கரத்துல உருண்டு போற இரும்பு, அதுக்கு நீளமா ஒரு கைப்பிடி. அதை மேலயும் கீழயும் அடிச்சா உள்ள எண்ணெய் ஏறி, காரோட பின்பக்கம் அப்படியே மேல வரும். கைப்பிடியைத் திருகினா இறங்கும். தெருவே வந்து வேடிக்கை பார்த்துச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

மறுநாள் பார்க்கறேன், அந்த ஒத்தை இரும்பை நம்பி மனுஷன் அடியில படுத்துக்கினு பாட்டு முணுமுணுக்கறாரு. ஜாக்கி பக்கத்துல மண்ணுல எண்ணெய்ச் சொட்டு. குனிஞ்சு அவரு காலைத் தட்டினேன்.

"மொதல்ல வெளிய வாங்க"ன்னேன்.

"யானையையே தூக்கும்மா இது."

"தூக்கும். தூக்கிக்கினே நிக்குமா? எண்ணெய் கசிஞ்சா அந்த யானை உங்க மேலதானே வந்து உக்காரும்?"

சிரிச்சாரு. நான் சும்மா விடற ஆளா? எங்க அப்பா வூட்டுல ஒடைஞ்சு கெடந்த தறியோட கால்மரத்தை ஆசாரிகிட்ட கொடுத்து, அகலமா ரெண்டு கட்டை அறுத்து வாங்கினேன். கார் மேல வந்ததும் பின் அச்சுக்கு அடியில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு. ஜாக்கி நிக்கற இடத்துல மண்ணு அமுங்காம இருக்கப் பலகை. எல்லாம் ஆனப்புறம் நானே வந்து காரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பேன். அப்புறம்தான் படுக்கலாம். ஒண்ணு கொறைஞ்சாலும் அன்னிக்கு வூட்டுல சோறு கெடையாது. வீம்புக்கு ரெண்டு நாள் ஓட்டல் இட்லி தின்னுட்டு, தானா வழிக்கு வந்தாரு. "எவனுக்கும் இல்லாத இன்ஸ்பெக்டர் எனக்கு மட்டும் வாய்ச்சிருக்குது"ன்னு டாக்சி ஸ்டாண்டுல சொல்லுவாராம். சொல்லிட்டுப் போகட்டும்.

ஒரு தை மாசம். திருப்பதிக்குக் கல்யாணக் கோஷ்டி போகணும், முந்தின சாயங்காலம் பார்த்து சைலன்சர் அறுந்து தொங்குது. விடிஞ்சும் விடியாம எழுந்து, தெருவுலயே காரைத் தூக்கி நிறுத்தினாரு. கட்டை, கல்லு, பலகை எல்லாம் வச்சாச்சு. நான் ஆட்டிப் பார்த்துட்டு காபி போட உள்ள போனேன்.

அன்னிக்குத் தெருவுல பாவு போடற நாள்னு எங்களுக்குத் தெரியாது. புடவைக்கு நீளவாட்டுல ஓடற பட்டு இழைதான் பாவு. அதைக் கஞ்சியில தோய்ச்சு எடுத்துக்கினு வந்து, தெரு நெடுக இழுத்துக் கட்டி, இழை இழையாப் பிரிச்சு விடணும். கட்டறதுக்குள்ள காஞ்சிட்டா இழையோட இழை ஒட்டிக்கும், அத்தனை பட்டும் பாழ். அதனால பாவு வருதுன்னா வழியில கட்டில், வண்டி எது கெடந்தாலும் யாரையும் கேக்க மாட்டாங்க, ஆளாளுக்குக் கை வச்சுத் தள்ளிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. எங்க தெரு வழக்கமே அது.

ஈரப் பாவோட எதிர்ல வந்தவங்க கண்ணுல காரோட மூஞ்சிதான் பட்டுது, பின்பக்கம் தூக்கி நிக்கறது படலை. இவரு விடியறதுக்கு முன்னாடி எழுந்ததா சரித்திரமே இல்லை, அதனால வூட்டுக்குள்ள தூங்கறாருன்னு நெனச்சிட்டாங்க. நாலஞ்சு பேர் முன்பக்கமாப் போய், குனிஞ்சு, ஒரே தம்முல தள்ளிட்டாங்க. சக்கரத்துக்கு வச்ச கல்லு நழுவி, கார் ரெண்டு விரக்கடை பின்னால போயிடுச்சு. இவரு வாயில கட்டுக்கம்பியைக் கடிச்சிக்கினு படுத்திருந்தாரு. கத்தக்கூட முடியலை.

தொம்முனு சத்தம் கேட்டுது. அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடினேன். ஜாக்கி தனியா உருண்டு வெளிய வந்து நிக்குது. தள்ளினவங்களுக்கு அப்பத்தான் அடியில கால் தெரிஞ்சிருக்குது.

தெரு மண்ணுல அப்படியே குப்புற விழுந்து அடியில பார்த்தேன். காரோட பாரம் பூரா அந்த ரெண்டு கட்டை மேல உக்காந்திருந்தது. அவரு நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவுல என் கை போற இடம் இருந்தது. கையை வுட்டு நெஞ்சைத் தொட்டேன். அடிச்சிக்குது, படபடன்னு அடிச்சிக்குது. அப்படியே அவரு கையைப் புடிச்சிக்கினேன்.

கம்பியைத் துப்பிட்டு, "பாவு தோய்ச்சிட்டாங்களா?"ன்னு கேட்டாரு.

ஆமான்னு தலையை ஆட்டினேன்.

"அப்ப கையை வுடும்மா, நான் வெளிய வரணும். பாவு காயுது பாரு."

வெயில் எதிர் வூட்டுச் சுவர்ல எறங்க ஆரம்பிச்சிருந்தது. பின்னால பாவுக்காரங்க தோள்ல ஈரப் பட்டோட நின்னுக்கினு இருந்தாங்க, சீக்கிரம்னு ஒருத்தரும் சொல்லலை. நான் கையை வுடலை. நெசவு வூட்டுல பொறந்தவ எவளும் சொல்லத் துணியாத வார்த்தையை, அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி சொன்னேன்.

"காயட்டும்."