நாங்கள் அந்தக் கவுன்சிலர் இல்லை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; அதில் இரண்டு பேர், செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டைக் கூட்டி வாசிப்பேன். அது போதாதென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கண்டி டவுனில், ஒரு மாடியில் இருக்கும் உளவளத்துணை நிலையத்தில் கதவு பார்ப்பது என் வேலை. மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்து பேசும் இடம் அது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

போர்ட்

எங்கள் மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உளவளத்துணையில் டிப்ளோமா முடித்திருந்தார், ஆனால் உளவளத்துணையாளர் சங்கத்தில் பதிவு கிடைக்கவில்லை. அதற்கு ஒரு பெரிய மேடத்தின் மேற்பார்வையில் இத்தனை மணித்தியாலம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டுமாம். ஆள் வந்தால்தானே மணித்தியாலம் ஏறும்? ஒருவரும் வரவில்லை. இப்படியே போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிவு இல்லாமல் 'உளவளத்துணையாளர்' என்று பெயரோடு போடக் கூடாது என்று மிஸ் பிடிவாதமாக நின்றார். போர்ட் எழுதுகிறவர் வெறுமனே 'கவுன்சிலிங்' என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தெரு லைட் எரியவில்லை. ஒரு அம்மாவுக்குக் குப்பை லொறி வரவில்லை. மாநகர சபைக் கவுன்சிலர் மாடிக்குக் குடிவந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். தெருநாய்க்கு ஊசி போட வேண்டுமென்று ஒருவர் அந்த நாயையே கயிற்றில் கட்டிக் கூட்டி வந்தார். எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். நாய்தான் போக மனமில்லாமல் நின்றது.

கான் தண்ணீர்

ஒருநாள் அடுத்த தெரு ஹார்ட்வெயார் முதலாளி வந்தார். பெயர் வேண்டாம். கதையை அவரே தெருவெல்லாம் சொல்லிவிட்டதால்தான் நானும் சொல்கிறேன். தன் அண்ணன் கடைக் கானிலிருந்து, அதுதான் சாக்கடையிலிருந்து, அழுக்குத் தண்ணீர் வழிந்து இவர் வாசலில் நிற்கிறதாம். அண்ணனிடமே சொல்லலாமே என்றேன்.

“எப்புடிச் சொல்ற, அக்கா? உம்மா மௌத்தான பொறகு நானா என்னோட பேசுறல்ல,” என்றார். தாய் செத்த பிறகு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டாராம்; சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மேலே கூட்டிப் போய்க் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, மிஸ்ஸை ஓரமாக அழைத்தேன்.

“மிஸ், இவருகிட்ட பதிவு கிதிவுன்னு பேசாதீங்க. எந்திரிச்சுப் போயிருவாரு.”

“சொல்லத்தான் வேணும், அம்மா. தெரிஞ்சுகொண்டுதான் அவர் என்னோட கதைக்க வேணும்.”

“போயிட்டாருன்னா?”

“போகட்டும்,” என்றார். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

சொல்லியும் விட்டார். தான் சபைக் கவுன்சிலர் இல்லை. கான் விஷயம் தன்னால் ஆகாது. மனக்கஷ்டத்தைப் பேசலாம், ஆனால் தனக்கு இன்னும் பதிவு கிடைக்கவில்லை, பெரிய மேடத்தின் மேற்பார்வையில்தான் ஆட்களைப் பார்ப்பது. விரும்பினால் அந்த மேடத்திடமே அனுப்பவும் முடியும் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளி போக வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.

“மகள், நான் வோட்டுப் போட்ட ஆள் ஒரு நாளாச்சும் தனக்கு இது ஏலாதுண்டு சொன்னதில்ல,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “கதவச் சாத்துங்க, அக்கா.”

சாத்தினேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவார். அவர் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். மிஸ்ஸுக்குப் பதிவும் கிடைத்தது. கான் தண்ணீர் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று சபையைத் திட்டுகிறார்கள்.

என்னையும் சிலர் 'கவுன்சிலிங் அம்மா' என்று கூப்பிட்டு, மருமகள் வழக்கைக் கொண்டு வருவார்கள். எனக்கும் சொல்ல வாய் துடிக்கும். ஆனாலும் நான் கதவு பார்க்கிறவள், மிஸ் மேலே இருக்கிறார் என்றுதான் சொல்வேன். நாம் யார், எதுவரைக்கும் நம்மால் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்புவதா வேண்டாமா என்பது வந்தவர் பாடு.

எங்கே பிள்ளை, எழுதினத வாசி பாப்போம். என்னைய மேனேஜர்னு எங்கயாச்சும் போட்டிருந்தா அழிச்சிரு.