மூடப்போகும் வகுப்புக்கு ஒரு நோட்டீஸ்

பிறர் எழுத்தைத் திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தொண்ணூறுகளில் ஒரு தமிழ் நாளிதழின் டெல்லி அலுவலகத்தில் இருந்தேன். மனைவிக்கு மத்திய அரசு வேலை என்பதால் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வீடு. அங்கே குடியிருப்போர் சங்க ஹாலில் ஞாயிறுதோறும் ஒரு வாத்தியார் தமிழ் வகுப்பு நடத்தினார். வந்துகொண்டிருந்தவர்கள் நான்கே பிள்ளைகள். அடுத்த ஞாயிறும் ஆள் சேராவிட்டால் ஹாலைக் கேரம் ஆடுபவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

எதிர் வீட்டுப் பெண்மணி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர். அவர் மகள் அந்த நால்வரில் ஒருத்தி. பெற்றோருக்கு ஒரு நோட்டீஸ் எழுதி, திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். அலுவலகக் கோப்பின் நடை. வகுப்பு தொடங்கிய வரலாறு, நடத்தப்பட்டு வரும் விதம், சங்கத் தீர்மானம் எல்லாம் கடந்து கடைசி வரியில்தான் 'எனவே' வந்தது. பிள்ளைகளை அனுப்புமாறு 'கேட்டுக்கொள்ளப்படுகிறது'. கேட்பது யார் என்று தெரியவில்லை.

நான் செய்தி எழுதும் முறையில் அதைத் தலைகீழாக்கினேன். முக்கியமானது முதலில்: 'போதிய மாணவர்கள் இல்லாததால் தமிழ் வகுப்பு மூடப்படும் நிலையில் உள்ளது.' பிழை இல்லை, சுற்றி வளைத்தல் இல்லை.

அவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "மூடப்போற வகுப்புக்கு எவன் அண்ணாச்சி பிள்ளைய அனுப்புவான்? யாரோ செத்த துஷ்டிச் சேதி மாதிரில்லா இருக்கு!"

"சரி, பால் பூத்துல ஒரு அம்மாவைப் பார்த்தா எப்படிக் கேப்பீங்க?" என்றேன்.

"லீவுக்கு ஊருக்குப் போனா உங்க பிள்ள தாத்தாகிட்ட இந்தியிலயா பேசுது? எம்பிள்ளயும் அப்படித்தான் பேசிச்சு. இப்ப கொஞ்சம் பரவால்ல. ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு ஹாலுக்கு அனுப்புங்கன்னு கேப்பேன். வேற என்ன?"

அதையே எழுத்துத் தமிழில் எழுதினேன். வரிசையைத் தொடவில்லை. அம்மாவும் மகளும் நகல் எடுத்துப் படிக்கட்டுகளில் ஒட்டினார்கள்.

இன்றும் எதை எழுதினாலும், படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் செய்தி ஆசிரியரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணிக்கு நன்றி.

அந்த ஞாயிறன்று பெஞ்சு போதாமல் தரையிலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். செயலாளர் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னொரு ஜமுக்காளம் வேணும் சார்," என்றார் எதிர் வீட்டுப் பெண்மணி.

"எழுதிக் கொடுங்க மேடம், பார்க்கலாம்."

"எதுக்க நின்னு கேக்கேன், இதுக்கும் எழுதணுமா? அச்சா, மொதல்ல ஹால் சாவிய வாத்தியார்கிட்ட குடுங்க."

கொடுத்தார்.